பருத்திமாரில் பலகை செய்தால் கட்டுப்படியாகுமா?

வரப்போரம்:
பெரம்பலூர் பக்கம் நாங்கள். பருத்தி எடுத்து முடிந்ததும் மாரை, அதாவது காய்ந்த செடித் தண்டைப் பிடுங்கிக் குவித்துக் கொளுத்துவதுதான் இங்கே வழக்கம். விட்டுவைத்தால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பட்டம் வரை அதிலேயே தங்கிவிடும், அதனால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் நல்ல விறகு மாதிரி இருப்பதைச் சாம்பலாக்குவது வயிற்றெரிச்சலாக இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து பார்ட்டிக்கிள் போர்டு, அதாவது சில்லைப் பசை போட்டு அழுத்திச் செய்யும் பலகை, அதற்கு ஒரு யூனிட் போடலாமா? பசையே இல்லாமல் செய்யும் முறையும் இருக்கிறதாமே?

சில்லுமெஷின்:
பலகை வரும், சந்தேகமே வேண்டாம். மும்பையில் இருக்கிற சிர்காட், அதாவது மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், இதை எப்போதோ செய்து காட்டிவிட்டது. வைக்கோலைவிட மார் எவ்வளவோ மேல். வைக்கோலில் மெழுகும், மணல் மாதிரியான சிலிக்காவும் இருப்பதால் போர்டுக்கு வழக்கமாகப் போடும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை சரியாகப் பிடிக்காது, கத்தியும் சீக்கிரம் மழுங்கும். பருத்தித் தண்டு கிட்டத்தட்ட மரம்தான். சில்லாக வெட்டி, காயவைத்து, பசை தெளித்து, மெத்தை போலப் பரப்பி, ஹாட் பிரஸ்ஸில் 150 டிகிரி பக்கம் வைத்து அழுத்த வேண்டும். இதில் ஆளைக் கவிழ்ப்பது ஈரம். சில்லு காயாமல் போனால் உள்ளே நீராவி அடைபட்டு, பிரஸ்ஸைத் திறந்ததும் பலகை நடுவில் பிளந்துகொள்ளும்.

பசையில்லாத முறை தேங்காய் மட்டைக்குச் சரி. நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மட்டையை அரைத்து, சூட்டில் அழுத்தியே பலகை செய்தார்கள். மட்டையில் லிக்னின், அதாவது மரத்துக்கு உறுதி தருகிற பொருள், அதிகம், அது இளகித் தானே பசையாகிவிடுகிறது. மாரை நம்பி அதில் இறங்காதீர்கள்.

இழைப்புளி:
தச்சு வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். விவசாயக் கழிவில் செய்ததாலேயே அது பசுமைப் பலகை ஆகிவிடாது. யூரியா ஃபார்மால்டிஹைடு பசையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு வாயு புழுங்கிய அறையில் கண்ணைக் கரிக்கும், அந்த வாயுவைப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையே வகைப்படுத்தியிருக்கிறது. வாயு குறைவாக வெளிவரும் ஈ1 தரத்துக்குச் செய்தால்தான் நான் வாங்குவேன், பார்ட்டிக்கிள் போர்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 3087 முத்திரையும் வேண்டும். அப்புறம், தண்ணீர் படுகிற இடத்துக்கு, முக்கியமாக சிங்க் அடிக்கு, இதை விற்காதீர்கள், ஊதிவிடும். ஷெல்ஃப், தடுப்பு, சீலிங்குக்குத் தாராளமாகப் போடலாம்.

கட்டுவண்டி:
தம்பி, பிரஸ் வாங்குவதற்கு முன்னால் வண்டி வாடகையைக் கணக்குப் போடுங்கள். மார் எடை கம்மி, இடம் அதிகம். லாரி நிறைய ஏற்றினாலும் எடை மேடையில் ஒன்றுமே நிற்காது. மார் கிடைப்பதோ வருடத்தில் சில மாதம், மெஷினுக்கோ வருடம் முழுக்கத் தீனி வேண்டும், மழையில் நனையாமல் அடுக்கிவைக்கக் கொட்டகையும் வேண்டும். அதனால் முதலில் டிராக்டரில் ஓடுகிற சிப்பர், அதாவது சில்லு வெட்டும் மெஷின், மட்டும் எடுத்து, வயலிலேயே சில்லு போட்டு, காயவைத்து, போர்டு கம்பெனிக்குக் கொடுங்கள். புழுவுக்கும் தங்க இடமிருக்காது. அவர்கள் எடுக்காததை பிரிக்கெட் (அழுத்திச் செய்த எரிகட்டி) போடுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். வேரை மட்டும் வெட்டிவிட்டுப் போடுங்கள், மண்ணோடு போனால் கத்தி போய்விடும், லோடையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.