‘த ரீடர்’ ஹன்னாவுக்காக நாம் ஏன் கலங்க வேண்டும்?

பனிமலர்:
நேற்றிரவு ‘த ரீடர்’ (2008) பார்த்தேன். கேட் வின்ஸ்லெட்டுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம். ஹன்னா நாஜி வதைமுகாம் காவலாளி. குண்டுவீச்சில் சர்ச் பற்றி எரிகிறது. உள்ளே முந்நூறு யூதப் பெண்கள், வெளியே பூட்டு. ஹன்னாவும் மற்ற காவலாளிகளும் திறக்கவில்லை. அப்படிப்பட்டவளுக்காகக் கடைசியில் என் கண் கலங்கியது, அதுதான் பொறுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத வெட்கத்தை அவள்மேல் போர்த்திக் கொலையைப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். செத்தவர்களில் ஒருத்தியின் முகமாவது நினைவில் நிற்கிறதா?

கரிசல்ராஜா:
படம் அவளை மன்னிக்கச் சொல்லவே இல்லைங்க. நியூயார்க் காட்சியை மறந்துவிட்டீர்களா? அந்தத் தீயில் உயிர் தப்பியவள், ஹன்னா விட்டுப்போன பணத்தை ஏற்க மறுக்கிறாள். பணம் இருந்த தகர டப்பாவை மட்டும் வைத்துக்கொள்கிறாள். ஹன்னாவை ராட்சசியாகக் காட்டினால் நமக்குத்தான் வசதி. எழுபதுகளில் நாஜிப் பெண் காவலர்களைச் சவுக்கும் பூட்சுமாகக் காட்டிக் காமப் படங்களே எடுத்தார்கள். அதில் யாருக்கு என்ன புரிந்தது?

பனிமலர்:
அந்தக் குப்பை வேண்டாம், சரி. ராட்சசி இல்லையென்றால் பாவப்பட்டவள், அவ்வளவுதானா? சுமார் 3,500 பெண்கள் முகாம் காவலர்களாக இருந்தார்கள். அதில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரியாமல் இருந்திருக்கும்? மைதானெக் முகாமில் காவலாளியாக இருந்த ஹெர்மினே பிரவுன்ஸ்டைனர், போருக்குப் பிறகு ஓர் அமெரிக்கரைக் கட்டிக்கொண்டு நியூயார்க்கில் குடித்தனம் நடத்தினார். 1964-ல் செய்தியாளர் கதவைத் தட்டினார். ஆயுள் தண்டனை கிடைத்தது 1981-ல்.

யாழினி:
குறுக்கிடுகிறேன். ‘த ஸோன் ஆஃப் இன்ட்ரெஸ்ட்’ (2023) பாருங்கள். ஆஷ்விட்ஸ் வதைமுகாம் தலைவனின் மனைவி ஹெட்விக், முகாமிலிருந்து வந்த ஃபர் கோட்டைக் கண்ணாடி முன் போட்டுப் பார்க்கிறாள். பாக்கெட்டில் லிப்ஸ்டிக் கிடைக்கிறது. அதையும் பூசிப் பார்க்கிறாள். அழுகை இல்லை, காரணம் இல்லை. எனக்கு உடம்பு கூசியது.

கரிசல்ராஜா:
அருமையான காட்சி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹெட்விக்கை வெறுத்துவிட்டு எழுந்து போய்விடலாம். ஹன்னா நீதிபதியிடமே கேட்கிறாளே, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று? அவர் தடுமாறுகிறார். நானும்தான்.

பனிமலர்:
ராஜா அண்ணா, அதே விசாரணையில் இன்னொன்றும் வருகிறது. நலிந்த இளம்பெண்களாகப் பொறுக்கி, சாப்பாடு கொடுத்து, மாலையில் புத்தகம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்புறம் அவர்களை ஆஷ்விட்ஸுக்கே அனுப்பியிருக்கிறாள். ஹன்னாவின் காதலனாக வரும் பையன் அவளுக்குப் புத்தகம் வாசிப்பதை எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள்! இந்தப் பெண்கள் வாசித்ததற்கு ஒரு காட்சிகூடக் கிடையாது. என் சண்டை அதோடுதான்.