வியாழனுக்குள் இரண்டு சொல் வேண்டும்: ராட்செட், அதன் தடுப்புத் துண்டு

பத்தாங் பெர்சுந்தை, தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம்.

மலேசியத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். எளிய எந்திரங்கள் பாடத்தில் எனக்குச் சொல் தட்டுப்பாடு வந்ததே இல்லை. நெம்புகோல், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு என்று பிள்ளைகள் கடகடவென்று சொல்வார்கள். வட்டார அறிவியல் கண்காட்சிக்கு இவர்கள் கையால் சுற்றும் ஒரு பாரந்தூக்கி செய்திருக்கிறார்கள். பிவிசி குழாயில் உருளை, ஆரம் 3 செ.மீ. கைப்பிடி 15 செ.மீ. ஒரு சுற்றுக்குக் கை ஏறக்குறைய 94 செ.மீ. போகிறது, வாளி 19 செ.மீ. ஏறுகிறது. உராய்வை விட்டுவிட்டால், வாளியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு விசை போதும். இதையெல்லாம் அவர்களே அளந்து எழுதிவிட்டார்கள்.

கைப்பிடியை விட்டால் வாளி சரசரவென்று இறங்கிவிடுகிறது. அதனால் ஒரு பக்கம் சாய்வாகவும் மறுபக்கம் நிமிர்ந்தும் இருக்கிற பற்களைப் பலகைச் சக்கரத்தில் வெட்டி, அதன்மேல் விழுந்து தடுக்கும் சின்னத் துண்டு ஒன்றையும் மாட்டினோம். சக்கரம் ராட்செட். துண்டுக்கு ஆங்கிலத்தில் pawl என்று சொல்வதை அப்படியே எழுதினால் 'பால்' என்று வரும். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எந்தத் தாத்தாவும் பாட்டியும் அதைப் படித்துவிட்டுப் பால்மரத்தைத்தான் நினைப்பார்கள்.

விளக்க அட்டை வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. பாடநூலில் இந்த இரண்டும் இல்லை. உதவுங்கள்.

தெலுக் இந்தான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

அன்பு ஆசிரியைக்கு வாழ்த்துகள். பிள்ளைகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

சக்கரத்துக்கு 'மீளாப் பல்லாழி'. துண்டுக்கு 'மீட்சித்தடை'. மீளா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே வல்லினம் மிகும். சுழன்றது மீளாது என்ற பொருள் ஒரே சொல்லில் கிடைக்கிறது. சக்கரம் என்று எழுத வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அது வடசொல். தொல்காப்பியர் மொழிமரபு என்னும் இயலில், அ, ஐ, ஔ என்னும் மூன்று உயிர்களோடு சகரம் மொழிக்கு முதலில் வராது என்கிறார். சக்கரத்துக்கு ஆழி என்ற நம் சொல் இருக்கும்போது எதற்குக் கடன்?

துண்டு சின்னதுதானே என்று பிள்ளைகள் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. அட்டையின் ஓரத்தில் 667ஆம் குறளைப் போடுங்கள். உருள்பெருந்தேர்க்கு அச்சாணி எப்படியோ, இந்தத் தூக்கிக்கு இது அப்படி.

ஜொகூர் பாரு, இயந்திரப் பொறியாளர்:

ஐயா, மதிப்போடு மறுக்கிறேன். பிள்ளைகள் அடுத்த ஆண்டு இடைநிலைப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். அங்கே அறிவியல் தமிழில் கிடையாது. நெம்புகோலைத் துவாஸ் என்றும் கப்பியைத் தாக்கால் என்றும் மலாயில் மறுபடி படிக்கப் போகிறவர்களுக்கு, ஒரு கண்காட்சிக்காக மட்டும் 'மீளாப் பல்லாழி' தேவையா? ராட்செட் என்றே விடுங்கள்.

அது தமிழ் வாய்க்கு ஒவ்வாத சொல்லும் அல்ல. தொல்காப்பியத்தின் முதல் இயலான நூன்மரபிலேயே "டறலள என்னும் புள்ளி முன்னர்க் கசப என்னும் மூவெழுத் துரிய" என்று இருக்கிறது. ஆட்சி, கட்சி, வெட்சி என்று ட்-க்குப் பின் ச நாம் நாள்தோறும் சொல்வதுதான். ரகரம் முதலில் வராது, ட் ஈற்றில் வராது என்பவைதான் தடை. முன்னால் ஓர் இகரமும் பின்னால் ஓர் உகரமும் போட்டால் 'இராட்செட்டு'. வடசொல்லுக்கே எழுத்தை மாற்றி இடம் கொடுத்தவர் தொல்காப்பியர்.

தெலுக் இந்தான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

தம்பி இகரம் போட்டுத் தந்ததும் எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. இராட்செட்டு, இராட்டு, இராட்டை, இராட்டினம். நூல் நூற்கும் இராட்டையும் கிணற்று இராட்டினமும் சுழல்பவை. இந்தச் சொல் நம்மிடமிருந்து மேற்கே போயிருக்க வாய்ப்பு உண்டா? 'இரட்டு' என்றால் மாறி மாறி ஒலித்தல். பல்லில் துண்டு விழும் ஓசையும் அப்படித்தானே? இந்த வேரை யாராவது தொடர்ந்து பார்க்க வேண்டும்.

டொரன்டோ, யாழ்ப்பாணத்தவர்:

ஐயா, அந்த வழி போகாது. ஆங்கிலச் சொல் பிரெஞ்சு 'ரோஷே'யிலிருந்து வந்தது. முதலில் மழுங்கிய ஈட்டிமுனை, பிறகு நூற்கண்டு சுற்றும் கதிர். நம் இராட்டையை வடக்கே நீர் இறைக்கும் சக்கரமான 'அரகட்ட'த்தோடு சேர்த்துச் சொல்வார்கள். இரண்டு சொல்லும் நூற்பு வேலையின் பக்கம் வந்து நிற்பது ஒரு தற்செயல், அவ்வளவுதான்.

எங்கட பக்கம் சக்கரத்தைச் சில்லு என்பம். 'ஒருவழிப் பற்சில்லு' எண்டு வைக்கலாம். பல்லாழியில் எனக்கு வேறொரு தயக்கம். பல ஆண்டு பல்லாண்டு ஆகிறமாதிரி, பல ஆழியும் பல்லாழிதான். பிள்ளை அதைப் பல கடல் எண்டு விளங்கிக்கொண்டால் அதில் இலக்கணப் பிழையே இல்லை.

கூலிம், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்:

சில்லு இங்கே எடுபடாது. எங்கள் பிள்ளைகளுக்குச் சில்லு என்றால் உடைந்த ஓட்டுத்துண்டு, கண்ணாடித்துண்டு. கணினிக்காரர்கள் சிப்புக்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

'மீளா'வும் வேண்டாம். வேதியியலில் மீளா வினை என்று ஏற்கெனவே ஓர் ஆட்சி இருக்கிறது. இன்னொன்று, நாளிதழில் மரண அறிவிப்புப் பக்கத்தைப் பாருங்கள், வாரந்தோறும் 'மீளாத் துயரில்' என்று வருகிறது. வீட்டில் அதைப் படித்த குழந்தை கண்காட்சி அட்டையிலும் அதே சொல்லைப் பார்க்க வேண்டாமே.

பொறியாளர் சார் சொன்னதற்கும் ஒரு பதில். 2003ல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்குப் போயின. திரும்பத் தமிழுக்கு வந்தபோது இடையில் படித்து வந்த ஆசிரியர்களுக்கே சொற்கள் கைவசம் இல்லை. நானும் அந்தத் தலைமுறைதான். 'அடுத்த ஆண்டு வேறு மொழி' என்று சொல்லி இந்த ஆண்டுச் சொல்லை விட்டால், பிறகு அதைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

பத்தாங் பெர்சுந்தை, செம்பனை ஆலை ஃபிட்டர்:

வணக்கம் டீச்சர். நான் இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. என் மகள் உங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள்.

பட்டறையில் நாங்கள் அந்தத் துண்டை நாக்கு என்போம். சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக்கில் மோட்டாரைத் தூக்கும்போது டிக் டிக் என்று கேட்பது நாக்கு பல்லேறி விழும் சத்தம். இறக்கும்போது சத்தம் வராது. அப்போது நாக்கு பல்லைப் பிடித்தபடியே இருக்கும், உராய்வுத் தட்டுகள்தான் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி விடும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் தூக்குவதற்கு முன்னால் மூடியில் காதை வைத்து, "நாக்கு விழுதா பாரு" என்பார். ஸ்பிரிங் சோர்ந்தாலோ கிரீஸ் கட்டிப்போனாலோ நாக்கு பாதியில் தொங்கும். அப்படி இருந்தால் தூக்கவே விடமாட்டார்.

கார் ஹேண்ட் பிரேக்கில் இருப்பதும் இதுதான். சைக்கிளை மிதிக்காமல் விடும்போது பின்சக்கரத்தில் கேட்பதும் இதுதான்.

அப்புறம் உங்கள் மாதிரியின் படத்தை மகள் காட்டினாள். பல்லின் நிமிர்ந்த முகம் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அப்படி இருந்தால் பாரம் கூடக்கூட நாக்கை வெளியே தள்ளும். முகத்தை ஓர் இழை உள்பக்கமாகச் சாய்த்து அறுக்கச் சொல்லுங்கள். அப்போது பாரம் கூடும்போது நாக்கு இன்னும் உள்ளே இறுகும். பல் 12 போதும். நாக்கு விழும் முன் வாளி அதிகம் போனால் ஒன்றரை செ.மீ.தான் இறங்கும். ராட்செட் ஸ்பேனரில் 72 பல் கூட வைப்பார்கள், 5 பாகைக்கு ஒரு பிடி. அது எஃகு. பலகையில் அவ்வளவு வெட்டினால் பல் பொடிந்துவிடும்.

ஜொகூர் பாரு, இயந்திரப் பொறியாளர்:

அண்ணே, பல்முகச் சாய்வை இவ்வளவு தெளிவாக நான் எங்கள் அலுவலகத்தில்கூடக் கேட்டதில்லை. நாக்கு நல்ல சொல். ஆனால் மணியின் நாக்கும் நாக்குதானே? தனியாக விட்டால் குழம்பும். 'தடுநாக்கு' என்று வைத்தால் நானும் சேர்ந்துகொள்கிறேன். சக்கரம் மட்டும் ராட்செட்டாகவே இருக்கட்டும்.

டொரன்டோ, யாழ்ப்பாணத்தவர்:

தராசுக்கு நடுவில் நிற்கிற முள்ளையும் நா எண்டுதான் பழைய தமிழ் சொல்லுது. கருவியின் உறுப்புக்கு நா புதிசில்லை. 'தடுநா' எண்டால் இன்னும் சுருக்கம். தடுநாக்கு எண்டாலும் ஆட்சேபம் இல்லை.

ஒரு பக்கக் குறிப்பு. உங்கட பாடநூலில் கப்பி எண்டு பார்த்தது சந்தோசம். நாங்களும் அதைத்தான் சொல்லுவம். தமிழ்நாட்டில் கப்பி ரோடு எண்டால் சல்லி போட்ட பாதை. கிணற்றில் இருக்கிறதை ராட்டினம், சகடை எண்டு ஊருக்கு ஒரு பேரில் சொல்லுகினம். இது வேற மடலில் கதைக்க வேண்டிய சங்கதி.

பத்தாங் பெர்சுந்தை, தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

இன்று பிள்ளைகளிடமே கொண்டுபோனேன். கரும்பலகையில் எல்லாச் சொற்களையும் எழுதி, மாதிரியைத் தொட்டுக் காட்டச் சொன்னேன். மீட்சித்தடை என்றதும் வகுப்பே கைப்பிடியைப் பார்த்தது. தடுநாக்கு என்றதும் எல்லா விரலும் துண்டுக்குப் போயின. பல்லாழியை ஒரு பையன் 'பல்லாளி' என்று படித்து, யார் அவர் என்று கேட்டான்.

எனக்கு இதில் இன்னொரு பிடிப்பும் உண்டு. இந்த நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் போட்டது 1917ல், எங்கள் ஊர்த் தென்னமரம் தோட்டத்தில். அந்தத் தோட்டத்தின் பெயரே தமிழ். இந்தப் பக்கத்து ஆலைகளில் தமிழர் எத்தனை தலைமுறையாய் எந்திரத்தைப் பிரித்து மாட்டியிருக்கிறார்கள்! பாடநூலில் சொல் இல்லை என்று நான் தவித்தபோது பட்டறையில் அது வழங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. திசைச்சொல்லுக்கும் இலக்கணத்தில் இடம் உண்டு என்று ஐயாவே எங்களுக்குப் பயிற்சியில் சொன்னவர்.

சக்கரத்துக்கு ஒருவழிப் பற்சக்கரம் என்று வைக்கிறேன். பற்சக்கரம் ஏற்கெனவே அவர்கள் பாடத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு சொல்லைத்தான் சேர்க்கிறேன். 'ராட்செட்' பட விளக்கத்தில் ஓர் இடத்தில் வரும். குறளையும் போட்டாயிற்று ஐயா.

கூலிம், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்:

தடுநாக்கு, ஒருவழிப் பற்சக்கரம். என் ஓட்டு இவற்றுக்கே. இனி இதைக் கிளற வேண்டாம், அட்டை அச்சுக்குப் போகட்டும்.

தெலுக் இந்தான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

தடுநாக்கு சரி. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். மனமார ஏற்கிறேன்.

ஒருவழிப் பற்சக்கரம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சக்கரம் என்ற சொல்லுக்காக மட்டும் சொல்லவில்லை. பொருளே பிழை. தடுநாக்கைத் தூக்கிவிட்டால் அந்தச் சக்கரம் இரண்டு பக்கமும் சுற்றும். ஒருவழி என்பது சக்கரத்தின் குணம் அல்ல, இரண்டும் சேர்ந்த அமைப்பின் குணம். சக்கரத்துக்கு அதன் வடிவத்தைச் சொல்லும் பெயர்தான் வேண்டும். 'சாய்பல் ஆழி' என்று பிரித்தே எழுதலாம், அப்போது பல கடலும் வராது. இந்த அட்டையில் இடம் இல்லாவிட்டாலும், நான் எழுதும் இடத்தில் அப்படித்தான் எழுதுவேன்.

ஜொகூர் பாரு, இயந்திரப் பொறியாளர்:

சாய்பல் நல்ல சொல் ஐயா. பொறியியல் கணக்கிலும் நீங்கள் சொல்வதுதான் சரி, சக்கரமும் நாக்கும் சேர்ந்த இந்தப் பொறிக்கு விசையைப் பெருக்கும் வேலையே கிடையாது, பிடித்து வைப்பது மட்டும்தான். ஆழியை விட்டுவிட்டுச் சாய்பற்சக்கரம் என்றால் வருவீர்களா?

தெலுக் இந்தான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

வரமாட்டேன் தம்பி.

பத்தாங் பெர்சுந்தை, தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

ஐயா, அட்டை மதியமே போய்விட்டது, ஒருவழிப் பற்சக்கரம் என்றுதான் இருக்கிறது. உங்கள் மறுப்பை வகுப்பில் சொன்னேன். நாக்கைத் தூக்கிவிட்டு இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்த பிள்ளைகள் நீங்கள் சொல்வதுதான் சரி என்கிறார்கள். அடுத்த ஆண்டு அட்டைக்குச் சாய்பல்லைத் திரும்ப எடுப்போம்.

பத்தாங் பெர்சுந்தை, செம்பனை ஆலை ஃபிட்டர்:

டீச்சர், சுற்றிப் பார்க்கட்டும், வாளி காலியாக இருக்கும்போது மட்டும். பாரம் இருக்கும்போது நாக்கைத் தூக்கினால் கைப்பிடி திரும்பி வந்து மணிக்கட்டில் அடிக்கும். முதலில் ஒருவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து ஒரு நூல் மேலே ஏற்ற வேண்டும், அப்போதுதான் நாக்கு தளரும். பிறகு இன்னொருவர் தூக்கட்டும். சனிக்கிழமை நான் வந்து பல்லை அறுத்துத் தருகிறேன்.