எட்டாம் வகுப்பிலேயே ஷோகேஸா?

மூணாம்பேஸ்: அமெரிக்காவில் பையன் எட்டாவது படிக்கிறான், பேஸ்பாலில் பிட்சர் (பந்து வீசுபவன்). இந்தக் கோடையிலேயே ஜார்ஜியா லேக்பாயிண்டில் ஷோகேஸ் போட்டிகளில் (கல்லூரி கோச்சுகளுக்கு ஆட்டத்தைக் காட்டுபவை) ஆடாவிட்டால் டிவிஷன் 1, அதாவது மேல்மட்டக் கல்லூரி அணிகளின், கோச்சுகள் கண்ணில் படமாட்டான் என்கிறார் டிராவல் டீம் (பள்ளிக்கு வெளியே ஊர் ஊராக ஆடும் தனியார் அணி) நடத்துபவர். நிஜமா?

டல்லாஸ்தாசன்: நிஜம்தான். 11-ஆம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை கோச் பேசத்தான் கூடாது, பார்க்கத் தடையில்லை. அன்று காலை யாருக்குப் போன் அடிப்பது என்ற பட்டியல் முன்பே தயாராகிவிடும். அதில் பெயர் வர ஆட்டத்தைக் காட்டத்தானே வேண்டும்?

குறிப்பேடு: காட்டலாம், 13 வயதில் எதைக் காட்டுவது? உயரமே இன்னும் முழுதாக வளரவில்லை. 2023-இல் வந்த அந்த ஆகஸ்ட் 1 விதிப்படி அதுவரை வாய்வார்த்தையாக இடம் தரவும் முடியாது. தந்த பிறகும் அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஒப்பந்தக் கையெழுத்து 12-ஆம் வகுப்பு நவம்பரில்தான்.

இன்னொன்று: 2025 ஜூனில், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தபின், அதை ஏற்ற கல்லூரிகளில் ஓர் அணிக்கு மொத்தம் 11.7 ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு போய்விட்டது. பதிலுக்கு அணியில் 34 பேர்தான், முன்பு 40. டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்) 21 வயது ஆள் கிடைக்கும்போது புதுப்பையனுக்கு எத்தனை இடம் மிஞ்சும்?

டல்லாஸ்தாசன்: இடம் குறைந்தால் இன்னும் சீக்கிரம் ஓட வேண்டாமா சார்? போன வாரம்கூட இந்த வயதுப் பையன்களுக்குக் கல்லூரிகளிலிருந்து மெயில் வந்திருக்கிறது.

குறிப்பேடு: அது கேம்ப் விளம்பரமாக இருக்கும். வீரர் விவரம் கேட்கும் படிவமும் பயிற்சி கேம்ப் அழைப்பும் எந்த வயதுக்கும் அனுப்பலாம். பணம் கட்டக்கூடிய எல்லோருக்கும் போகும். 'எங்கள் பையன் மேல் ஆர்வம்' என்று அதைப் படிப்பதுதான் வழக்கமான ஏமாற்றம்.

அதைவிடக் கையைக் கவனியுங்கள். பிட்ச் ஸ்மார்ட் (இளம் பிட்சர்களின் கையைக் காக்கும் வழிகாட்டி) கணக்கில் 13-14 வயதுக்கு ஒரு நாளுக்கு 95 பந்து. 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு. இரண்டு டீமில் ஆடினால் யாருமே கூட்டிப் பார்ப்பதில்லை. காலையில் வீசியவனை மதியம் கேட்சராக (பந்தைப் பிடித்துத் திருப்பி எறிபவன்) உட்கார வைப்பார்கள். முழங்கை போவது இப்படித்தான்.

மூணாம்பேஸ்: அப்போ இப்போது என்னதான் செய்வது?

குறிப்பேடு: படிப்பு. டிவிஷன் 1-இல் ஆடத் தகுதி பெறத் தேவையான 16 கோர் பாடங்களில் 10-ஐ 12-ஆம் வகுப்பு தொடங்குமுன் முடிக்க வேண்டும். அவற்றில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியல். ஒன்பதாவதில் வாங்கும் கிரேடும் இதில் சேரும். வீடியோ பத்தாம் வகுப்பு வசந்தத்தில் எடுங்கள்: பிட்சருக்குக் கேட்சர் பின்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பந்தின் வேகம் காட்டும் ரேடார் எண் தெரியும்படி. கோச்சுக்கு அனுப்பும் மெயில் தலைப்பில் பள்ளி முடிக்கும் ஆண்டு, உயரம், இடக்கையா வலக்கையா.

டல்லாஸ்தாசன்: கேம்ப் விஷயம் சரி. ஆனாலும் மணிக்கு 90 மைலை நெருங்கும் வேகத்தில் வீசும் இடக்கைப் பையன் பத்தாவது வரை வீட்டில் இருப்பது வீண்.

குறிப்பேடு: அப்படி வீசுகிறவனைத் தேடிப் பள்ளி மைதானத்துக்கே வருவார்கள். மற்றவர்களுக்கு ஜூனியர் காலேஜும் (இரண்டாண்டுக் கல்லூரி) இருக்கிறது. அங்கிருந்து எம்எல்பி டிராஃப்டுக்கு (தொழில்முறை லீக் அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது), நான்காண்டுக் கல்லூரியில் போல மூன்று வருடம் காத்திருக்கத் தேவையில்லை.