பதில்: நம்ம ஊருக்கு ஏன் பட்டின்னு பேரு

ஊர் சொந்தங்களுக்கு வணக்கம். ஆட்டுப்பட்டியே இல்லாத ஊருக்கு எதுக்குப் பட்டின்னு பேருன்னு மாமா போன வாரம் கேட்டிருந்தார்ல, படிச்சதும் எனக்கு தோஹால ரூம்மேட்டா இருந்த நேபாளத் தம்பியோட ஊருதான் ஞாபகம் வந்துச்சு. அவன் லீவுல போறப்ப நானும் ஒருதடவை கூடப் போயிட்டு வந்தேன், எழுதணும் எழுதணும்னு விட்டுப்போச்சு.

முக்திநாத் போனவங்களுக்கு பெனி தெரிஞ்சிருக்கும், காளி கண்டகியில மியாக்தி ஆறு வந்து சேர்ற எடம். நீங்கல்லாம் அங்க டீ குடிச்சிட்டு வடக்க போயிருப்பீங்க, நாங்க மேற்கால திரும்பி, ஜீப்புல இடுப்பு கழண்டுபோற மாதிரி குலுங்கி, அப்புறம் நடை. தௌலாகிரி பனிமலைக்குக் கீழ மலைச்சரிவு, அங்க இருக்கறவங்க சந்த்யால் சனங்க.

ஊர்ப் பேரெல்லாம் கேளுங்க: குயினேகானி, மங்களேகானி, பாட்லேகர்க. நேபாளில கானின்னா சுரங்கம், கர்கன்னா மேய்ச்சக்காடு. இவங்க முன்னோருங்க செம்பு வெட்டிப் பிழைச்சவங்க. சுரங்கம் மூடி ரொம்பக் காலமாச்சு, பேரு மட்டும் நிக்குது. அப்புறம் மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, ஆடுன்னு ஆகி இப்ப இளவட்டம் பாதி கத்தார், மலேசியான்னு கெடக்கு. எங்க தாத்தன் இங்க தோண்டுனான், நான் உங்ககூட தோஹால கேபிளுக்குத் தோண்டுறேன், அவ்ளோதாண்ணேன்னு தம்பி சிரிக்கிறான்.

அவங்கம்மா போட்ட திண்டோ நம்ம களியேதான், கொதிக்கிற தண்ணில மாவைக் கொட்டிக் கிண்டுறது. தொட்டுக்க சிஸ்னு. அது நம்ம செந்தட்டி மாதிரி தொட்டாலே அரிக்கிற இலை, இடுக்கியால பறிச்சு வேகவச்சா அரிப்பு போயிடுமாம். நான் தட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தேன், அந்தம்மாவுக்கு ஒரே சிரிப்பு. சாப்பிட்டப்புறம் ரெண்டாவது தடவை கேட்டு வாங்குனேன், அது வேற விஷயம்.

வீட்டுல பெரியவங்க பேசுனது நேபாளி இல்ல, சந்த்யால் பேச்சு, குருங், தகாலி பாஷைக்கெல்லாம் பங்காளி முறை. 2011 கணக்கெடுப்புல இந்த சனம் மொத்தம் 11,810 பேர், தாய்மொழின்னு எழுதிக்கொடுத்தது 4,283 பேர்தான். பக்கத்து மாவட்டம் பாக்லுங்ல இருக்கற சந்த்யால் சனங்க அந்தப் பேச்சை எப்பவோ விட்டுட்டாங்க. மைக்கேல் நூனன்னு ஒரு அமெரிக்க மொழியியல்காரர் ஊர்க்காரங்களையே கூட வச்சுக்கிட்டு 1999ல அகராதி போட்டிருக்கார், அவங்க சொன்ன கதைகளும் அதுலயே இருக்கு. ஆனா தம்பி அம்மாகிட்ட போன்ல சந்த்யால், அடுத்த நிமிஷம் புள்ளைங்ககிட்ட நேபாளி. ஏன்டான்னா ஸ்கூல்ல திணறும்லண்ணேங்கிறான், நான் என்னத்த சொல்ல, என் பொண்ணு தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்லதான் பதில் சொல்லுது.

மாமா, நம்ம ஊர்ல கடைசியா ஆட்டுக்கிடை போட்டது யாருன்னு பெரியம்மாவுக்குத் தெரியும். பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்க யாராச்சும் போன்ல ரெக்கார்டு பண்ணிப் போடுங்க. ஆட்டுக் காதுல வெட்டுற அடையாளத்துக்கெல்லாம் தனித்தனிப் பேரு உண்டுன்னு அப்பா சொல்வார், எனக்கு ஒண்ணுகூட ஞாபகத்துல இல்ல.