ஏக்கர் ஒரு கோடியாம், நாங்களெல்லாம் கோடீஸ்வரர்களாம்

கோத்தகிரி பச்சைஇலை:
நேற்று எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் ஒரு நிலத் தரகரின் வீடியோ வந்தது. "நீலகிரியில் ஏக்கர் ஒரு கோடி. ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவன் ஒவ்வொருவனும் இன்றைக்குக் கோடீஸ்வரன்தான், அப்புறம் எதற்குப் பச்சை இலைக்கு விலை கேட்டு உண்ணாவிரதம் இருக்கிறார்கள்" என்று பேசுகிறார். கேட்டதிலிருந்து வயிறு எரிகிறது. கணக்கைச் சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் சரிபாருங்கள். எங்கள் பக்கம் ஒரு ஏக்கரில் வருஷத்துக்கு நாலாயிரம் கிலோ இலை எடுத்தால் நல்ல மகசூல். கிலோ பதினெட்டு ரூபாய் என்று வைப்போம், அதைவிடக் கீழே போன மாதங்களும் உண்டு. மொத்தம் 72,000. பறிகூலி கிலோவுக்கு எட்டு ரூபாய் என்றால் 32,000 போய்விடும். உரம், மருந்து, கவாத்து, களை எடுப்பு என்று இன்னொரு 15,000. மிச்சம் 25,000, அதுவும் டிசம்பர், ஜனவரி உறைபனியில் செடி கருகாமல் இருந்தால். மாதம் இரண்டாயிரம் சொச்சம் பார்க்கிறவன் கோடீஸ்வரனா?

ஊட்டி மனைநிலம்:
அந்த வீடியோ என்னுடையது இல்லை, ஆனால் அதில் தப்பும் இல்லை. சொத்து வேறு, வருமானம் வேறு. வருமானம் குறைவு என்றால் சொத்து இல்லாமல் போய்விடுமா? ஏக்கர் ஒரு கோடி. விற்கிறேன் என்று இன்று சொல்லுங்கள், நாளைக்கே அட்வான்ஸோடு ஆளைக் கூட்டி வருகிறேன். ரோட்டோரமாக இருந்தால் இன்னும் ஏறும்.

கோத்தகிரி பச்சைஇலை:
அந்த விலை தேயிலைக்குக் கொடுக்கிற விலை இல்லை சார், சென்னைக்காரரும் பெங்களூர்க்காரரும் பால்கனியில் நின்று பார்க்கிற காட்சிக்குக் கொடுக்கிற விலை. தேயிலை பயிரிடவே வாங்குகிறேன் என்று சொல்லி ஏக்கருக்கு ஒரு கோடி கொடுக்கிற ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள். வருஷம் 25,000 மிச்சத்துக்கு ஒரு கோடி போட எவனுக்காவது புத்தி வருமா? அப்புறம், தோட்டத்தை மனையாக மாற்ற எத்தனை அனுமதி வாங்க வேண்டும், கட்டினாலும் ஏழு மீட்டருக்கு மேல் எழுப்பக் கூடாது என்பதையெல்லாம் உங்கள் ஆட்கள் வீடியோவில் சொல்வதே இல்லை. நான் விற்கப் போவதில்லை. விற்காத நிலத்துக்கு விலை ஏது?

குன்னூர் பழைய கேஷியர்:
இரண்டு பேருமே ஒரு கோடியை ஏதோ பெரிய தொகை மாதிரி பேசுகிறீர்கள். வங்கியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வருமான வரிக்காக அரசு அறிவிக்கும் பணவீக்கக் குறியீடு 2001-02-ல் 100, 2025-26-ல் 376. அன்றைய ஒரு கோடிக்குச் சமமாக இன்று மூன்றே முக்கால் கோடி வேண்டும். 2000-ல் பவுன் நாலாயிரத்துக்கும் குறைவு, ஒரு கோடியில் இரண்டாயிரத்து ஐந்நூறு பவுன் வாங்கலாம். 2025-ல் பவுன் எண்பதாயிரத்தைத் தாண்டிய பிறகு அதே கோடியில் 125 பவுன்கூடத் தேறாது. 2000-ல் இந்தி டிவி வினாடி வினாவில் முதல் பரிசு ஒரு கோடி, 2013-ல் அதை ஏழு கோடியாக ஏற்றினார்கள். ஆகவே ஏக்கர் ஒரு கோடி என்பது உண்மையாகவே இருந்தாலும் அவர் கோடீஸ்வரர் இல்லை. ஆனால் பச்சைஇலை தம்பி, விற்காத நிலத்துக்கு விலை இல்லை என்பது கணக்குத் தெரியாதவர் பேசுகிற பேச்சு. விற்றுப் பணத்தை டெபாசிட்டில் போட்டால் ஆறரை சதவீதம் வட்டி என்றாலும் வருஷம் ஆறரை லட்சம். இருபத்தைந்தாயிரத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பது உங்கள் விருப்பம்.

கோத்தகிரி பச்சைஇலை:
கேஷியர் சார், அந்தக் கணக்கு எங்களுக்கும் தெரியும். விற்றுவிட்டு எங்கே போய் உட்காருவது? மேட்டுப்பாளையத்தில் வாடகை வீட்டிலா? அப்படியே இருக்கட்டும், ஒரு கோடிச் சொத்து என்கிறீர்களே, அதை நம்பி நான் கடன் கேட்டு வந்தபோது எந்த வங்கி கொடுத்தது? நகையை வைத்தால்தான் பணம் என்றார்கள். அப்போது மட்டும் ஏக்கர் ஒரு கோடி யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

குன்னூர் பழைய கேஷியர்:
பயிர்க்கடன் நிலத்தின் சந்தை விலையைப் பார்த்துக் கொடுப்பது இல்லை, பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று வகுத்த அளவுப்படி கொடுப்பது. அடமானம் இல்லாமல் தரும் வரம்பே 2025 ஜனவரியில்தான் இரண்டு லட்சம் ஆனது. அப்புறம் விவசாய நிலத்தை அடமானம் வாங்கினால், வீட்டைப் போல வங்கி நேராக ஏலத்தில் எடுத்துவிட முடியாது, சர்ஃபேசி சட்டத்தில் விவசாய நிலத்துக்கு விலக்கு இருக்கிறது. உங்கள் நிலத்தைக் காப்பாற்றத்தான் அந்த விலக்கு. அதையே காரணம் காட்டி வங்கியைத் திட்டுகிறீர்கள்.

கோத்தகிரி பச்சைஇலை:
நீங்களே சொல்லிவிட்டீர்கள். வங்கியே மதிக்காத விலை. அதைத்தான் முதலிலிருந்து கேட்கிறேன், விற்காத நிலத்துக்கு விலை ஏது?

டல்லாஸ் கேத்திக்காரன்:
கேத்தியில் பிறந்து இங்கே வேலை பார்ப்பவன் எழுதுகிறேன். உலகம் முழுக்க மில்லியனர் என்று எண்ணுவது டாலரில். பத்து லட்சம் டாலர், டாலருக்கு 85 ரூபாய் வைத்தாலே எட்டரைக் கோடி. ஒரு ஏக்கர்க்காரர் பக்கத்தில்கூட வர முடியாது. இதிலும் இரண்டு விதமாக எண்ணுகிறார்கள். யூபிஎஸ் வங்கி அறிக்கை வீடு, நிலம், பங்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கடனைக் கழிக்கிறது. கேப்ஜெமினி என்ற ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கை குடியிருக்கும் வீட்டை எடுத்துவிட்டு, முதலீடு செய்யக்கூடிய பணத்தை மட்டும் பார்க்கிறது. அமெரிக்காவில் பெரிய முதலீட்டாளர் என்று தகுதி பெறும் பத்து லட்சம் டாலர் வரம்பு 1982-ல் போட்டது, 2010-லிருந்து அதில் சொந்த வீட்டைச் சேர்க்கக் கூடாது. அந்த வரம்பை இன்றுவரை ஏற்றவில்லை, விலைவாசிப்படி பார்த்தால் முப்பது லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். யூபிஎஸ் கணக்கில் ஒன்றிலிருந்து ஐந்து மில்லியன் டாலர் வரை வைத்திருப்பவர்கள் உலகில் ஐந்து கோடிப் பேருக்கு மேல், 2000-ல் இருந்ததைப்போல நான்கு மடங்கு. அதற்கு முக்கியக் காரணம் வீட்டு விலை ஏறியது. என் தெருவில் பாதிப் பேர் அந்தக் கணக்கில் வருவார்கள். எல்லோரும் வேலை போய்விடுமோ என்ற பயத்தில்தான் இருக்கிறோம். பச்சைஇலை அண்ணா சொல்வது சரி, விற்காததைச் சேர்க்கக் கூடாது.

ஊட்டி மனைநிலம்:
டல்லாஸ் சார், போன வருஷம் ஊரில் சித்தப்பா மகனிடம் நிலம் வாங்கியபோது நீங்கள் என்ன விலை கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்களேன். இலைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தீர்களா, ஏக்கர் ஒரு கோடி என்ற கணக்கிலா?

டல்லாஸ் கேத்திக்காரன்:
என் குடும்ப விஷயம் இங்கே எதற்கு? நீங்கள் யார், உங்களுக்கு எப்படித் தெரியும்?

கோத்தகிரி பச்சைஇலை:
தம்பி எனக்கு ஆதரவாக எழுதினதுக்கு நன்றி. ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். உன்னை மாதிரி வெளியில் இருப்பவர்கள் வந்து கேட்ட விலைக்கு வாங்கி, பெரிய வீட்டைக் கட்டி, வருஷத்தில் பதினோரு மாதம் பூட்டி வைப்பதால்தான் இந்த விலை வந்தது. பூட்டின வீட்டைச் சுற்றிப் புதர் மண்டுகிறது, கரடி வந்து படுக்கிறது, காலையில் இலை பறிக்கப் போகிற பெண்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஏறின விலை உனக்கு லாபம், எனக்குக் கெட்ட பெயர்.

டல்லாஸ் கேத்திக்காரன்:
நான் கட்டினது என் அப்பா அம்மா இருக்க. அவர்கள் போன பிறகு பூட்டியிருக்கிறது. இதைக் கேலியாகப் பேசுவது உங்கள் வயசுக்கு அழகில்லை.

கூடலூர் பிரிவு17:
ஏக்கர் ஒரு கோடி, ஏக்கர் ஒரு கோடி என்று மாற்றி மாற்றிப் பாடுகிறீர்கள். எங்கள் பக்கம் வந்து பாருங்கள். ஜன்மி என்ற பெருநிலக்காரர்களின் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள வந்த 1969 ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் மாட்டின நிலத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறோம், பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் கரண்ட் வாங்கவே எங்கள் ஆட்கள் எவ்வளவு காலம் அலைந்தார்கள். விற்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது. உங்களுக்காவது விற்க மாட்டேன் என்று சொல்ல உரிமை இருக்கிறது. எங்களுக்கு அதுவும் இல்லை. பட்டா வைத்திருக்கிறவர்கள் ஏழை என்று அழுவதைப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

கோத்தகிரி பச்சைஇலை:
உங்கள் கஷ்டம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் பட்டா இருக்கிறது என்பதற்காக நான் கோடீஸ்வரன் ஆகிவிட மாட்டேன். பட்டாவே தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாகத்தான் இருக்கிறது, எட்டுப் பேர் கையெழுத்து வேண்டும். எனக்கு பிஎம் கிசான் 6,000 ரூபாய் வருகிறது. கோடீஸ்வரனுக்கு அரசாங்கம் மூன்று தவணையாக 6,000 கொடுக்குமா?

ஊட்டி மனைநிலம்:
பிஎம் கிசானில் வருமான வரி கட்டுகிறவர், அரசு வேலையில் இருப்பவர் போன்றவர்களைத்தான் நீக்குகிறார்கள். விவசாய வருமானத்துக்கு வரியே கிடையாது, பச்சை இலையாக விற்கிறவர் ஒரு பைசா கட்ட வேண்டாம். ஃபேக்டரியில் தூளாக்கி விற்றால்தான் வருமானத்தில் நாற்பது சதவீதப் பங்குக்கு வரி. இந்தச் சலுகையையும் கணக்கில் சேருங்கள். ஏக்கர் ஒரு கோடி, வரி பூஜ்யம்.

கோத்தகிரி பச்சைஇலை:
இருபத்தைந்தாயிரத்துக்கு யாருக்குமே வரி கிடையாது. விஷயத்தை மாற்றாதீர்கள்.

அருவங்காடு குவார்ட்டர்ஸ்:
இவ்வளவு நேரம் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். பச்சைஇலை அண்ணா, எட்டுப் பேர் கையெழுத்து என்றீர்களே, அதில் உங்கள் அக்கா தங்கச்சிகள் பெயர் இருக்கிறதா? தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் திருத்தினார்கள், நாடு முழுக்க 2005-ல் வந்தது. எங்கள் வீட்டில் நான் கேட்டபோது அண்ணன்மார் சொன்ன பதில் இதேதான், "அது என்ன விலை போகும், இலையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை, உனக்கு எதற்கு." இரண்டு வருஷம் கழித்து ரோட்டோரத் துண்டை ஒரு ரிசார்ட்காரருக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கு மட்டும் சென்ட் கணக்கில் விலை வந்தது. ஆகவே விற்காத நிலத்துக்கு விலை இல்லை என்று ஆம்பிளைகள் சொன்னால் நான் நம்புவதாக இல்லை. தங்கச்சி கேட்டால் தரிசு, ஆள் வந்து கேட்டால் கோடி.

கோத்தகிரி பச்சைஇலை:
உங்கள் வீட்டுச் சண்டையை என் தலையில் கட்ட வேண்டாம். என் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் செய்தது எங்கள் ஊருக்கே தெரியும். ஊர்ப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறது.

அருவங்காடு குவார்ட்டர்ஸ்:
கல்யாணச் செலவு வேறு, பங்கு வேறு. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கள். அந்த எட்டுப் பேரில் பெண்கள் எத்தனை?

பூம்பாறை பூண்டு:
கொடைக்கானல் மலையிலும் இதே கதைதான். எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். 2024 தொடக்கத்தில் கடையில் பூண்டு கிலோ 400-ஐத் தாண்டியபோது சொந்தக்காரர் எல்லோரும் போன் செய்து "என்னப்பா, கோடீஸ்வரன் ஆகிட்டியா" என்றார்கள். நாங்கள் மூட்டையை வடுகபட்டி சந்தைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கைக்கு வந்தது என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் விலை இறங்கினதும் போனும் நின்றுவிட்டது. என் கணக்கு இதுதான்: ஒரு வருஷம் விளைச்சலே இல்லாமல் போனாலும் கடன் வாங்காமல் பிள்ளைகளைப் படிக்க வைக்க முடிகிறவன் பணக்காரன். எங்கள் ஊரில் அப்படி இரண்டு பேர் இருக்கலாம், இரண்டு பேரும் விவசாயி இல்லை.

ஊட்டி மனைநிலம்:
பூண்டு அண்ணா, மன்னவனூர் பக்கம் எங்களுக்கு நிலம் தேவைப்படுகிறது, இன்பாக்ஸில் வாருங்கள்.

பூம்பாறை பூண்டு:
இதற்குத்தான் இங்கே சுற்றுகிறீர்களா? 2024 மே மாதம் ஐகோர்ட் சொல்லி மலைக்கு வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வைத்த பிறகு ரிசார்ட் யாவாரம் படுத்துவிட்டது என்று அழுததும் உங்கள் ஆட்கள்தானே. நிலம் ஏதும் இல்லை, போங்கள்.

கோத்தகிரி பச்சைஇலை:
நான் முதலில் கேட்டதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. 2023 செப்டம்பரில் எங்கள் ஊர்ப் பக்கம் நட்டக்கல்லில் ஜனங்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தது ஏக்கருக்கு விலை கேட்டு இல்லை, இலைக்கு விலை கேட்டு. கிலோவுக்கு 33 ரூபாய்க்கு மேல் வந்தால் நாங்கள் யாரும் நிலத்தை விற்பதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. கோடீஸ்வரன் என்று பெயர் வைத்துவிட்டால் அந்தக் கோரிக்கையை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம், அதுதான் அந்த வீடியோவின் வேலை. ஏக்கர் ஒரு கோடி என்று இன்னொரு தடவை எழுதுகிறவர், நாலாயிரம் கிலோ இலையை எட்டு ரூபாய் கூலியில் பறித்துக் காட்டிவிட்டு எழுதட்டும்.

குன்னூர் பழைய கேஷியர்:
எட்டு ரூபாயா? எங்கள் பக்கம் பத்துக்குக் குறைந்து ஆளே வருவதில்லை. உங்கள் கணக்கு அங்கேயே உதைக்கிறது.

கோத்தகிரி பச்சைஇலை:
பத்து என்றால் மிச்சம் இன்னும் எட்டாயிரம் குறையும், என் பக்கம்தானே பேசுகிறீர்கள்?

குன்னூர் பழைய கேஷியர்:
யார் பக்கமும் பேசவில்லை. தப்பான கணக்கைத் தப்பு என்று சொன்னேன். அந்தப் பெண் கேட்டதுக்கும் நீங்கள் பதில் எழுதவில்லை.

கோத்தகிரி பச்சைஇலை:
கூலி ஊருக்கு ஊர் வேறு. நீங்கள் வங்கி ஏசி அறையில் உட்கார்ந்து பார்த்த கூலி எது, நாங்கள் கையில் எண்ணிக் கொடுக்கிற கூலி எது என்று நாளைக்கு ரசீதோடு போடுகிறேன்.