அட்டைப்படத்துக்கு யாளி வேண்டும், ராணி வேண்டும்: இலவசப் படங்கள் எங்கே தேடுவது?

கரித்துண்டு:
வணக்கம். தோழி எழுதிய மாயக்கதை ஒன்று கிண்டிலில் வரப்போகிறது, அட்டைப்படம் என் பொறுப்பு. மலை உச்சியில் வாளோடு ஒரு ராணி, பக்கத்தில் உயிருள்ள யாளி, பின்னால் இரண்டு நிலா. புகைப்படங்களை வெட்டி ஒட்டி, அதற்கு மேல் வண்ணம் தீட்டுகிற முறைதான் எனக்கு வரும். கிரிட்டா, கிம்ப் என்ற இரண்டு இலவச வரைகலை மென்பொருள்களும் வைத்திருக்கிறேன். காசு கொடுத்துப் படம் வாங்க வழியில்லை. எனக்கான கூலியே ஒரு பிரியாணிதான்.

அன்ஸ்பிளாஷ், பெக்ஸெல்ஸ் போன்ற இலவசப் புகைப்படத் தளங்களில் 'வாரியர் குயின்' என்று போட்டால் ஜிம்மில் எடை தூக்குகிறவர்களும் கிரீடம் வைத்த குழந்தைகளும் வருகிறார்கள். ஓவியர்கள் தங்கள் படைப்பை ஏற்றுகிற டீவியன்ட்ஆர்ட் தளத்தில் அருமையான போஸ்கள் கிடைக்கின்றன, ஆனால் விற்பனைக்குப் போகும் அட்டையில் அவற்றைப் போடலாமா? யாளிக்கு விக்கிமீடியா பொதுவகத்தில் நல்ல தூண் சிற்பப் படங்கள் பார்த்தேன். நாயக்கர் காலத்துச் சிலைக்கு யார் காப்புரிமை கேட்கப் போகிறார்கள், எடுத்துக்கொள்ளலாம்தானே?

இதெல்லாம் போக, சும்மா ஒட்டிப் பார்த்தபோது ராணி மலைமேல் நிற்கிற மாதிரியே இல்லை, பள்ளி நோட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி இருக்கிறாள். என்ன செய்யலாம்?

பனங்காய்:
கூகுளில் எடுத்துக் கொஞ்சம் நிறத்தை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஊரில் பாதி போஸ்டர் அப்படித்தானே வருகிறது 😀

மைக்கூடு:
பனங்காய், நிறம் மாற்றிய படத்தையும், படத்தைக் கொடுத்தே அதன் மூலத்தைத் தேடுகிற டின்ஐ, கூகுள் லென்ஸ் இரண்டும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். புகார் போனால் மாட்டிக்கொள்வது புத்தகம் எழுதியவர். பாவம், அந்தப் பெண் என்ன செய்தார்?

கரித்துண்டு, முழு ராணியைத் தேடுவதை விடுங்கள். இலவசத் தளங்களில் படம் ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் கல்யாணம், பயணம், அலுவலகம் என்று எடுக்கிறவர்கள். உங்களுக்கு வேண்டியது நிற்கிற ஓர் உடம்பு, துணி மடிப்பு, கைப்பிடி, வாள். இவற்றைத் தனித்தனியாகத் தேடுங்கள். நடனம், வாள்வீச்சு, சிலம்பம், காற்றில் பறக்கும் புடவை, பின்னாலிருந்து எடுத்த பெண் என்றெல்லாம் ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள். பின்னாலிருந்து எடுத்ததில் ஒரு கூடுதல் வசதி, முகம் தெரியாது. அன்ஸ்பிளாஷ் உரிமம் விற்பனைக்கும் பயன்படுத்தலாம், பெயர் போடுவது கட்டாயமில்லை என்கிறது. ஆனால் அது புகைப்படக்காரர் தருகிற அனுமதி. படத்தில் நிற்பவரின் அனுமதி தனி, அடையாளம் தெரிகிற முகம் அந்த உரிமத்துக்குள் வராது. பெக்ஸெல்ஸும் படத்தில் உள்ளவரைக் கெட்டபடி காட்டக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. உங்கள் ராணி கதையில் எத்தனை பேர் கழுத்தை அறுக்கிறாள் என்று தோழியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிக்ஸாபேயும் போய்ப் பார்க்கலாம். ஏஐ படங்கள் நிறையக் கலந்திருக்கும், அவற்றை ஒதுக்க வடிகட்டி உண்டு. வாள் பிடித்த விரல்களைப் பெரிதாக்கிப் பார்த்தாலே பல சமயம் தெரிந்துவிடும்.

வாளுக்கும் கவசத்துக்கும் அருங்காட்சியகங்கள்தான் புதையல். நியூயார்க் மெட் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் 3,75,000-க்கும் அதிகமான படங்களை சிசி ஜீரோவில், அதாவது உரிமை எதையும் கேட்காத கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) அனுமதியில் திறந்துவிட்டது. பெயர் போடாமலே, விற்பனைக்கும் சேர்த்துப் பயன்படுத்தலாம். ஆயுதப் பிரிவில் இந்தியத் தல்வார் (வளைந்த வாள்), கேடயம், சங்கிலிக் கவசம் எல்லாம் உண்டு. பெரும்பாலும் வெறும் சாம்பல் பின்னணியில் எடுத்திருப்பதால் ஓரத்தில் கோடு போட்டு வெட்டுகிற பாத் டூலில் சுற்றி எடுப்பது சுலபம். 'ஓப்பன் அக்சஸ்' வடிகட்டியைப் போட்டுவிட்டுத் தேடுங்கள், எல்லாப் பொருளுக்கும் அந்த அனுமதி கிடையாது. ஸ்மித்சோனியனும் 2020-இல் 28 லட்சம் படங்களைத் திறந்தது. அங்கே தேடி எடுக்க எனக்குப் பொறுமை இல்லை, உங்களுக்கு இருந்தால் பாருங்கள்.

நிலாவுக்கு நாசா. அவர்களுடைய படங்களுக்குப் பொதுவாகக் காப்புரிமை இல்லை. நாசா சின்னத்தைப் போடக் கூடாது, வெளியாருக்குச் சொந்தமான படமா என்று அதன் குறிப்பையும் பார்க்க வேண்டும். ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களை ஐரோப்பிய விண்வெளி முகமையின் தளத்திலிருந்து எடுத்தால் சிசி பிஒய் 4.0, அங்கே பெயர் போட்டே ஆக வேண்டும்.

நட்சத்திரம், புகை, தீப்பொறி எல்லாம் கறுப்புப் பின்னணியில் இருக்கிற மாதிரி தேடுங்கள். லேயரை 'ஸ்கிரீன்' மோடுக்கு மாற்றினால் கறுப்பு மறைந்துவிடும், வெட்டுகிற வேலையே இல்லை. நிலாவுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். பிறையின் இருட்டுப் பக்கத்துக்குள் நட்சத்திரம் தெரியும்.

ஓலைக்கூரை:
நான் யாளிக்கு மட்டும் வருகிறேன். சிலைக்குக் காப்புரிமை இல்லை, சரி. படம் எடுத்தவருக்கு உண்டே! பொதுவகத்தில் நம் கோயில் படங்கள் நிறைய சிசி பிஒய்-எஸ்ஏ உரிமத்தில் இருக்கின்றன. அந்த எஸ்ஏ இருந்தால், அதை வைத்துச் செய்கிற உங்கள் அட்டையையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். நாளைக்கு வேறொருவர் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு அதே ராணியைத் தன் புத்தகத்துக்குப் போட்டுக்கொண்டால் தடுக்க முடியாது. தோழிக்குச் சம்மதமா என்று கேளுங்கள். என்சி என்று இருந்தால் விற்கிற புத்தகத்துக்கு ஆகாது. என்டி என்றால் வெட்டி ஒட்டி வெளியிடவே கூடாது.

என்னைக் கேட்டால் நீங்களே போய் எடுங்கள். மாமல்லபுரம் பக்கம் சாளுவன்குப்பத்தில் புலிக்குகை இருக்கிறதே, அதன் வாயைச் சுற்றி யாளித் தலைகள்தான். வெட்டவெளியில் இருப்பதால் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. பல கோயில்களுக்குள் கைபேசிக்கே அனுமதி கிடையாது. தொல்லியல் துறை இடங்களில் கையில் பிடித்து எடுக்கலாம், ஸ்டாண்டு வைத்தால் அனுமதிக் கடிதம் கேட்பார்கள். உச்சி வெயிலில் போகாதீர்கள். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சத்தில் செதுக்கின பள்ளமெல்லாம் நன்றாக எழும்பும். ஒரே தலையை நேராகவும் இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்து வையுங்கள். அப்புறம் கண்ணுக்கும் மூக்கு ஈரத்துக்கும் பெக்ஸெல்ஸில் ஒரு சிங்கத்தை எடுத்துப் பொருத்தினால் கல்லுக்கு உயிர் வந்துவிடும்.

கரித்துண்டு:
ரொம்ப நன்றி இருவருக்கும். வாள் கிடைத்துவிட்டது! ராணிக்கும் ஒரு படம் பிடித்திருக்கிறேன்: பின்னாலிருந்து, புடவையில், முந்தானை காற்றில் பறக்கிறது. ஆனால் அவள்மேல் வெளிச்சம் இடப்பக்கம் விழுகிறது, என் நிலாக்கள் வலப்பக்கம் இருக்கின்றன. படத்தை இடவலமாகப் புரட்டிவிடலாமா? டீவியன்ட்ஆர்ட் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

மைக்கூடு:
ஐயோ, ராணியைப் புரட்டாதீர்கள். முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், நம் பெண்கள் அட்டையைப் பார்த்ததும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். நிலாக்களை இடப்பக்கம் கொண்டுபோங்கள், அவற்றுக்குத் தோள் இல்லை.

ஒட்டினது போலத் தெரிவதற்கு வெளிச்சம் ஒரு காரணம். இன்னொன்று கேமரா இருந்த உயரம். உங்கள் மலை ட்ரோனில் எடுத்ததா? அப்படியானால் மலையை மேலிருந்து பார்க்கிறோம், ராணியைக் கண் மட்டத்திலிருந்து பார்க்கிறோம். எத்தனை வண்ணம் தீட்டினாலும் இரண்டும் சேராது. தரையில் நின்று எடுத்த பாறையாக வேறு தேடுங்கள். இரண்டு படத்திலும் அடிவானக் கோடு எங்கே வரும் என்று ஒரு கோடு போட்டுப் பார்த்தால் பொருந்துமா என்று உடனே தெரியும்.

அடுத்து, எல்லா லேயருக்கும் மேலே கறுப்பு நிரப்பிய ஒரு லேயரைப் போட்டு அதன் மோடை 'சாச்சுரேஷன்' ஆக்குங்கள். படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். ராணியின் கூந்தலும் தூரத்து மலையும் ஒரே அளவு கறுப்பாக இருந்தால் அதுதான் கோளாறு. தூரத்தில் இருப்பதன் கறுப்பு வெளிறியிருக்க வேண்டும். வெளிச்ச அளவை மாற்றுகிற கர்வ்ஸ் கோட்டில் இடது கீழ் முனையைக் கொஞ்சம் மேலே தூக்கினால் போதும். பார்த்து முடித்ததும் அந்த லேயரை மூடிவிடுங்கள். கடைசியாக முழுப் படத்துக்கும் ஒரே நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) கொஞ்சம் தூவுங்கள், வெவ்வேறு கேமராவில் எடுத்த வித்தியாசம் அடங்கும்.

ஓலைக்கூரை:
டீவியன்ட்ஆர்ட்டில் தளத்துக்கென்று பொதுவான ஒரே விதி கிடையாது. ஸ்டாக் படம், அதாவது மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்துவதற்கான படம் போடுகிற ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் தனி விதி எழுதியிருப்பார். சிலர் அந்தத் தளத்துக்குள் மட்டும் என்பார்கள், சிலர் விற்பனை என்றால் முதலில் கேள் என்பார்கள். கேட்டால் பலர் சரி என்றே சொல்கிறார்கள், ஆனால் அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

மற்ற தளங்களுக்கும் இதே வேலை உண்டு. அன்ஸ்பிளாஷ் 2017-இலும் பிக்ஸாபே 2019-இலும் சிசி ஜீரோவை விட்டுத் தங்கள் சொந்த உரிமத்துக்கு மாறின. நீங்கள் இறக்கிய அன்று உரிமம் என்னவாக இருந்தது என்பது உங்கள் கையில் இருக்கட்டும். படத்தின் முகவரி, எடுத்தவர் பெயர், தேதி, உரிமப் பக்கம் எல்லாவற்றையும் படத்தோடு ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

பனங்காய்:
சரி சரி, நானும் மெட் தளத்தில் ஒரு கேடயம் இறக்கிவிட்டேன். கேன்வாஸ் எந்த அளவில் தொடங்குவது?

மைக்கூடு:
கிண்டிலுக்கு 2560 பிக்சல் உயரம், 1600 அகலம் என்று அமேசானே சொல்கிறது. டெம்மி அளவில் அச்சுக்கும் போகும் எண்ணம் இருந்தால் ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், 300 டிபிஐயில் 1650க்கு 2550. அதற்கு மேல் ஓரம் வெட்டுவதற்கு இடம் விட வேண்டும், முதுகும் பின்னட்டையும் தனி. அதனால் இதைப்போல் இரண்டு மடங்கில் தொடங்கிக் கடைசியில் சுருக்குங்கள். பெயர் போட வேண்டிய படங்களை உள்ளே காப்புரிமைப் பக்கத்தில் ஒரு வரியாகப் போட்டால் போதும், அட்டையில் இடம் அடைக்க வேண்டாம்.