ஒன்பது பாக போலீஸ் த்ரில்லரை ஆடியோவில் கேட்பது: பெயர் குழம்புகிறது, கோப்பு வரிசையும் மாறுகிறது

ஒலிவாசகன்
இங்கிலாந்தில் நடக்கும் போலீஸ் தொடர். ஆங்கில ஒலிநூல், ஒன்பது பாகம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 11 மணி நேரம். முதல் மூன்று பாகங்கள் சிடியிலிருந்து எம்பி3 ஆக்கியவை. பிளேயரில் முன்பின்னாக ஓடுகின்றன. 1.25 வேகத்தில் கேட்டால் போலீஸ் பதவியில் யார் டிஐ, யார் டிசிஐ, யார் எந்தக் குழு என்று பிடிபடவில்லை. இடையில் 2.5 என்று எண்ணிட்ட குறுநாவல் ஒன்றும், நாயகனின் இளமைக்கால முன்கதை ஒன்றும் இருக்கின்றன. எதை எப்போது கேட்பது? விவரமாகச் சொன்னால் உதவி.

கேசட்காலம்
முதல்ல கோப்பு வரிசையைச் சரி பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம். காதல் கதைன்னா பரவாயில்லை. இதுல எட்டாவது சிடியின் முதல் டிராக் முன்னாடி ஓடிட்டா கொலையாளி யாருன்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சுடும்.

ஒவ்வொரு சிடியும் டிராக் 1-ல இருந்துதான் தொடங்கும். டேக்ல (கோப்புக்குள்ளேயே பதிஞ்சிருக்கிற தலைப்பு, டிராக் எண் மாதிரி விவரம்) டிஸ்க் எண் இல்லைன்னா, பிளேயர் எல்லா சிடியோட டிராக் 1-ஐயும் வரிசையா ஓட்டிட்டு அப்புறம்தான் டிராக் 2-க்கு வரும். அது போக, கோப்புப் பெயர் வெறும் 1, 2, 3-ன்னு இருந்தா சில பிளேயர்கள் எழுத்து வரிசைப்படி 1, 10, 11, 2-ன்னு அடுக்கும்.

விண்டோஸ்ல இந்த டேக்கை மாத்த எம்பி3டேக்-ங்கிற மென்பொருள் போதும், இலவசம். சிடிக்கு ஒரு ஃபோல்டர், பெயர் 01, 02 இப்படி. மொத்தத்தையும் அதுல திறந்து, ஃபோல்டர் வாரியா, அதுக்குள்ள டிராக் வாரியா வரிசைப்படுத்துங்க. எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+கே அழுத்தினா தானா எண் போடும் பெட்டி வரும். முன்னால பூஜ்யம் சேர்க்கிற இடத்துல டிக் போட்டா 001, 002-ன்னு ஓடும். டிஸ்க் எண்ணைக் காலி பண்ணிடுங்க. ஆல்பம் பெயர் எல்லாத்துலயும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். ஒரு இடத்துல "டிஸ்க் 3"-ன்னு ஒட்டியிருந்தா அது தனிப் புத்தகமா பிரிஞ்சு நிக்கும். கடைசியா டேக்கில் உள்ள எண்ணையே கோப்புப் பெயருக்கும் மாத்திடுங்க.

சரிபார்க்க நடுவுல எங்கேயும் கேக்காதீங்க. பல சிடி பதிப்புகள்ல டிஸ்க் முடியும்போது வாசிப்பவரே "டிஸ்க் 3 முடிந்தது"-ன்னு சொல்வார். ஒவ்வொரு சிடியோட கடைசி டிராக்ல கடைசி 5 வினாடி மட்டும் கேட்டா போதும். கடைசி சிடியைத் தொடவே வேண்டாம்.

பின்னோக்கி30
குழப்பத்துக்கு வேகம் பாதிக் காரணம்தான். உங்கள் பிளேயரில் மௌனத்தை வெட்டும் வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே நிறுத்துங்கள். அச்சில் காட்சி மாறும்போது ஒரு வரி இடைவெளியோ மூன்று நட்சத்திரமோ இருக்கும். ஒலியில் அதற்குப் பதில் இரண்டு மூன்று வினாடி மௌனம் மட்டுமே. அதை வெட்டிவிட்டால் ஸ்டேஷனில் நடக்கும் பேச்சும் கொலையாளியின் மனவோட்டமும் ஒரே காட்சிபோல ஒட்டிக்கொள்ளும். அச்சில் சாய்வெழுத்தில் வரும் கொலையாளி அத்தியாயங்களுக்கும் காதில் அடையாளம் இல்லை, குரல் மாற்றம் தவிர. விசாரணை அறைக் காட்சியில் மௌனமே பாதி வசனம். அதை வெட்டிக் கேட்பதற்குக் கேட்காமலே இருக்கலாம்.

வேகம்: ஒலிநூல் வாசிப்பு மணிக்குச் சுமார் 9,300 சொல். ஒரு லட்சம் சொல் நாவல் 10 மணி 45 நிமிடம் வரும், 1.25-இல் 8 மணி 36 நிமிடம். மிச்சம் இரண்டு மணி நேரம்தான். ஒவ்வொரு பாகத்திலும் முதல் ஒரு மணி நேரத்தை 1.0-இல் கேளுங்கள், ஆட்கள் அறிமுகமாவது அங்கேதான். பிறகு 0.05 வீதம் ஏற்றுங்கள். அத்தியாயத் தலைப்பில் தேதி சொன்னால் நின்று கவனியுங்கள். "1987, செவ்வாய்" என்ற ஒரு நொடியைத் தவறவிட்டால் பழைய வழக்கும் புதிய வழக்கும் கலந்துவிடும்.

பெயர்களுக்கு ஒரு தாள் வையுங்கள். ஒரே ஆள் மேலதிகாரிக்குக் குடும்பப்பெயர், சகாவுக்கு முதற்பெயர், ஸ்டேஷனில் பட்டப்பெயர் என மூன்றாக வருவார். மூன்றையும் ஒரே வரியில் எழுதி, முதலில் வந்த அத்தியாய எண்ணைப் போடுங்கள். ஆண்ட்ராய்டில் ஸ்மார்ட் ஆடியோபுக் பிளேயரில் இதற்கென்றே பாத்திரப் பட்டியல் இருக்கிறது. எழுத்துக்கூட்டலைப் பற்றிக் கவலை வேண்டாம், காதில் விழுந்தபடி எழுதுங்கள்.

எழுத்தாணி
பதவி வரிசை, கீழிருந்து மேல்: டிசி (கான்ஸ்டபிள்), டிஎஸ் (சார்ஜென்ட்), டிஐ (இன்ஸ்பெக்டர்), டிசிஐ (தலைமை இன்ஸ்பெக்டர்), அதற்கு மேல் சூப்பரின்டென்டென்ட். முன்னால் உள்ள டி என்பது துப்பறிவாளர். எஸ்ஐஓ பதவி இல்லை, அந்த வழக்கை நடத்தும் பொறுப்பு. டிஐயும் டிசிஐயும் அதை வகிக்கலாம். "கவ்" என்று அழைத்தால் எதிரில் இருப்பவர் மேலதிகாரி. ஆள் யார் என்று தெரியாதபோது பெயரைவிட இது சீக்கிரம் கைகொடுக்கும்.

காதை ஏமாற்றும் சொற்கள் சில. "ஹோம்ஸ்" என்றால் துப்பறியும் ஷெர்லாக் அல்ல, பெரிய வழக்குகளின் தகவல்களைச் சேர்த்துவைக்கும் காவல்துறைக் கணினி அமைப்பு. "பிஎம்" பிரதமர் அல்ல, பிரேதப் பரிசோதனை. "சோக்கோ" சம்பவ இடத்தில் தடயம் எடுப்பவர். "பேஸ்" நடையின் வேகம் அல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கைது, விசாரணை விதிகளைச் சொல்லும் 1984ஆம் ஆண்டுச் சட்டம். கதையில் எல்லாரும் கடிகாரத்தைப் பார்ப்பது இதனால்தான்: குற்றம் சாட்டாமல் 24 மணி நேரம் வைக்கலாம், கடும் குற்றமென்றால் சூப்பரின்டென்டென்ட் அனுமதியுடன் 36, நீதிமன்ற அனுமதியுடன் அதிகபட்சம் 96. இந்த மூன்று எண்ணும் மனதில் இருந்தால் விசாரணைக் காட்சிகள் தாமாகப் புரியும்.

ஒலிவாசகன்
மௌன வெட்டு ஆன் ஆகித்தான் இருந்தது! நன்றி. இன்னொன்று: ஐந்தாம் பாகத்திலிருந்து வாசிப்பவர் வேறு. தூங்கும்போது கேட்பதற்கும் ஏதாவது வழி உண்டா?

கேசட்காலம்
டைமர் போடும் முன்னாடி ஒரு புக்மார்க் வையுங்க, காலையில அங்கேயே திரும்பிடலாம். "அத்தியாயம் முடியும்வரை"-ங்கிறதைத் தேர்ந்தெடுக்காதீங்க. த்ரில்லர்ல அத்தியாயம் முடியற இடம் தூங்க விடாத இடம். 15 நிமிஷம்னு வையுங்க. ஆண்ட்ராய்டு நடுராத்திரி பிளேயரையே மூடிட்டா, அந்தச் செயலிக்கு பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கிடுங்க. ஹெட்செட்டோட "அடுத்தது" பொத்தானை 30 வினாடி முன்னே போறதா மாத்திடுங்க, இல்லைன்னா புரண்டு படுக்கும்போது அத்தியாயமே தாவிடும்.

பின்னோக்கி30
வாசிப்பவர் மாறினால் முதல் ஒரு மணி நேரம் நாயகனே வேற்றாளாகத் தெரிவார். அடுத்த பாகத்துக்குள் பழகிவிடும். ஒலி உரிமை நாட்டுக்கு நாடு வேறு பதிப்பகத்திடம் இருப்பதால், அதே பாகத்துக்கு இன்னொரு வாசிப்பு இருக்கலாம். வாங்குமுன் மாதிரியைக் கேளுங்கள். "சுருக்கப்பட்டது" என்று போட்டிருந்தால் வேண்டாம். 11 மணி நேரக் கதையை 5 மணிக்குள் அடைக்கும்போது முதலில் போவது துணைப் பாத்திரங்கள், அதாவது சந்தேக நபர்கள்.

வரிசைக்கு வெளியான ஆண்டைப் பின்பற்றுங்கள். 2.5 குறுநாவல் இரண்டாம் பாகத்துக்குப் பிறகு. முன்கதை எந்த ஆண்டு வந்ததோ அந்த இடத்தில். முதலில் கேட்டால் பின்னால் வரும் ரகசியம் வீணாகும். மொழிபெயர்ப்பு என்றால் மூலமொழியில் வந்த ஆண்டைப் பாருங்கள். ஜோ நெஸ்போ எழுதிய ஹாரி ஹூலே துப்பறியும் தொடரின் முதல் நாவல் நார்வேயில் 1997-இல் வந்தது, ஆங்கிலத்தில் 2012-இல்தான். ஐந்தாவது நாவல் 2005-இலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. எழுத்தில் அந்தப் பெயர் "ஹோல்" என்றுதான் தெரியும், காதில் விழுவது வேறு. தேடும்போது இது நினைவிருக்கட்டும். அடுத்த பாகத்தின் அறிமுகக் குறிப்பை மட்டும் படிக்காதீர்கள், முந்தைய பாகத்தில் செத்தவர் பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.